சோற்றுச் சட்டி பெத்தாவின் கையிலேயே இருக்கட்டும்: முதியவர்களின் நாய், பூனைக்குத் துணைபோக வருபவர்களுக்கு

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு பெத்தா (பாட்டி) இருக்கிறார். வயது 74. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியில் கூரை பறந்த இரவில், மூத்த மகனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் கிடந்தவர். அந்த மகன் இப்போது கட்டாரில், மகள் கொழும்பில். வீட்டில் அவரும் கறுப்பன் என்ற நாயும் மட்டும். நான் முதன்முதலில் உதவிக்கென்று போன வீடு அதுதான். முதல் நாளே கடையில் வாங்கிய நாய்த்தீனிப் பையைப் பிரித்துக் கோப்பையில் கொட்டினேன். குளிப்பாட்டினேன், உண்ணி எடுத்தேன், கழுத்துக்குப் புதுப் பட்டி கட்டினேன். இரண்டு வாரத்தில் கறுப்பன் நான்கு மணிக்கே கடப்படியில் வந்து எனக்காகக் காத்திருக்கத் தொடங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது வாரம் போனபோது பெத்தா விறாந்தைக்கே வரவில்லை. உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "இன்றைக்குச் சோறு வைக்கவில்லையா பெத்தா?" என்றேன். "அதுதான் நீ வருகிறாயே மனே. இனி அது உன்னுடைய நாய்தானே" என்றார்.

புதிதாக வரும் பிள்ளைகளிடம் இப்போது நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். அவரால் முடியாத வேலையை நாம் செய்ய வேண்டும். முடிந்த வேலையில் கைவைக்கக் கூடாது. குனிந்து உண்ணி எடுக்க அவருக்கு முடியாது, ஆட்டோவில் நாயை ஏற்ற முடியாது, தடுப்பூசி அட்டையில் உள்ள சிறிய எழுத்தை வாசிக்க முடியாது. ஆனால் சோறு பிசைந்து வைக்க முடியும். அந்தச் சட்டியை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டால் நாளில் எழும்புவதற்கு இருந்த ஒரு காரணத்தையும் சேர்த்து வாங்கிவிடுகிறோம்.

போவதற்கு முன்

தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேராகப் போங்கள், முடிந்தால் அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தனித்திருக்கும் முதியவரின் வீட்டுக்குள் அறிமுகமில்லாத இளைஞன் ஒருவன் வாரம் தவறாமல் போய்வந்தால் அயலவர்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். கேட்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். கிராம சேவகரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கிராம சேவகர் பிரிவுகளில் முதியோர் சங்கங்கள் இயங்குகின்றன. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் கேட்டால் சங்கத் தலைவரைக் காட்டுவார். யார் வீட்டில் என்ன வளர்க்கிறார்கள், யாருக்கு நடக்க முடியாமல் போயிற்று என்பதெல்லாம் அந்தச் சங்கத்துக்காரருக்குத்தான் தெரியும். கோயில் பரிபாலன சபையிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் நல்லது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, நாங்கள் யார், எந்த நாளில் வருவோம், பணம் எதுவும் கேட்க மாட்டோம் என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள். ஏற்பு ஊசி போட்டு எத்தனை வருடம் என்று பாருங்கள். அடிக்கடி நாய் பிடிக்கப் போகிறவர் என்றால், கடி வாங்குவதற்கு முன்னரே போடும் விசர்நாய்த் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

முதல் நாள்: பாருங்கள், கேளுங்கள், தொடாதீர்கள்

முதல் நாள் வேலை எதுவும் செய்யாதீர்கள். வாங்கில் உட்கார்ந்து கதையுங்கள். "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். அதை விட்டுவிட்டு, "நேற்றுப் பின்னேரம் இது என்ன சாப்பிட்டது?", "இரவில் எங்கே படுக்கும்?", "கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தன்னால் வரும். பதில் வராத இடத்தில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

கதைத்துக்கொண்டே கண்ணை ஓட்டுங்கள். தண்ணீர்ச் சட்டியில் நுளம்புக் குடம்பி நெளிகிறதா? நாய் காதை அடிக்கடி உதறுகிறதா? பூனை எழும்பும்போது பின்னங்கால் இழுபடுகிறதா? அதே நேரம் முதியவரின் கையையும் பாருங்கள். முழங்கைக்குக் கீழே கீறல்கள் இருக்கின்றனவா? நீரிழிவு உள்ளவருக்குப் பூனைக் கீறல் சின்ன விடயம் அல்ல. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்கு ஒரு நகக்கீறல்கூட நெடுநேரம் கசியும். கிளினிக் கொப்பியை அவராகக் காட்டினால் பாருங்கள், நீங்களாகக் கேட்க வேண்டாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. வீட்டில் நாய், பூனையால் முதியவருக்கு வரும் ஆபத்துகளில் கடியை மட்டும் நினைப்பார்கள். காலடியில் சுற்றும் பூனை தடக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவரைக் கேட்டுப் பாருங்கள். பூனையின் கழுத்தில் ஒரு சிறிய மணி கட்டுங்கள். இழுபட்டால் கழன்றுவிடும் பட்டியாக இருக்கட்டும். நாயின் சாக்கைக் கதவடியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் எந்தக் கோப்பையும் இருக்கக் கூடாது. கண்ணில் புரை விழுந்தவருக்கு மங்கலான விறாந்தையில் கறுப்பு நாய் கண்ணில் படவே படாது.

வீடு திரும்பியதும் ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். அவர் செய்வது, நாம் செய்ய வேண்டியது, யாரும் செய்யாதது. மூன்றாவது நிரலில்தான் தடுப்பூசியும் பூச்சிக் குளிசையும் கருத்தடையும் அநேகமாக வந்து விழும்.

சாப்பாடு

மட்டக்களப்பில் நாய்க்குச் சோறும் மீன் தலையும்தான். அதில் பெரிய குற்றம் காண எனக்கு மனமில்லை. சூடை மீனோ கீரி மீனோ மலிவாகக் கிடைக்கும் ஊரில், முதியோர் கொடுப்பனவில் மாதத்தை ஓட்டும் ஒருவரிடம் பைத்தீனி வாங்கச் சொல்வது அறியாமை. மாற்ற வேண்டியது ஒரு சில விடயங்கள்தான். குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றில் வெங்காயம், உள்ளி இருக்கும். இரண்டும் நாய், பூனையின் இரத்தத்தில் சிவப்பணுக்களைக் கெடுக்கும். ஆகவே குழம்பு கூட்டுவதற்கு முன்பே மீன் தலையைத் தனியாக உப்பு, தூள் இல்லாமல் அவித்து எடுக்கச் சொல்லுங்கள். "நாய்க்கு முதலில், பிறகு எங்களுக்கு" என்று சொன்னால் பெத்தாமார் சிரிப்பார்கள், ஆனால் செய்வார்கள். வேகவைத்த கோழி எலும்பு வேண்டாம், அது ஊசியாகப் பிளக்கும். கெளுத்தி முள்ளும் அப்படித்தான்.

பூனையின் கதை வேறு. நாய் சோற்றில் ஓரளவு சமாளிக்கும், பூனை சமாளிக்காது. இறைச்சி, மீன் போன்றவற்றில் உள்ள டோரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் பூனையின் கண்ணும் இதயமும் நாளடைவில் கெடும். இங்கேதான் ஒரு சிக்கல் வரும். வெள்ளிக்கிழமை வீட்டில் மீன் இல்லை, அது ஒரு நாள்தானே என்று விடலாம். கந்தசஷ்டி ஆறு நாள். கேதார கௌரி விரதம் 21 நாள். விரதம் காக்கும் பெத்தாவின் குசினியில் அத்தனை நாளும் மீன் சட்டி ஏறாது, பூனை பருப்புச் சோற்றைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாள் ஒன்றுமே சாப்பிடாத பூனைக்கு ஈரல் கெட்டுப்போகும் அபாயமும் உண்டு. அந்த நாட்களில் மீனை உங்கள் வீட்டில் அவித்து ஒரு மூடிய டின்னில் கொண்டுபோய், அவரிடம் கேட்டுவிட்டு, வளவின் மூலையில் வையுங்கள். ஒரு முறை எங்கள் பையன் ஒருவன் கேட்காமல் குசினி வாசலிலேயே வைத்துவிட்டான். பெத்தா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு முழுவதும் வாசலை மூன்று முறை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினார் என்று பிறகு பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

மறதி உள்ளவர்கள் இருப்பார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை சோறு வைப்பார்கள், அடுத்த நாள் ஒரு முறையும் இல்லை. திட்டாதீர்கள், நினைவுபடுத்திக்கொண்டும் இராதீர்கள். வெறும் பால்மா டின் ஒன்றை எடுத்து, ஒரு நாளுக்கான அரிசியைக் காலையிலேயே அதில் போட்டு வைக்கச் செய்யுங்கள். டின் வெறுமையானால் அன்றைய சோறு முடிந்தது. நாட்காட்டியில் பேனையால் கோடு போடும் முறையையும் பார்த்தோம். பேனை எங்கே என்று தேடுவதிலேயே பொழுது போனது. டின்தான் வேலை செய்கிறது.

உண்ணி, தெள்ளு, குளிப்பு

இது முழுக்க நம்முடைய வேலை. குனிவதும் கண்ணைக் குறுக்கிப் பார்ப்பதும் வயதானவர்களுக்கு முடியாதவை.

நாயைக் காலை வெயில் விழும் இடத்தில் நிறுத்துங்கள். தலைப்பக்கத்தில் முதியவரை ஒரு கதிரையில் இருத்தி, நாயின் தாடையைத் தடவிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். நாய் அசையாது, அவருக்கும் பங்கு கிடைக்கும். காது மடலின் உட்புறம், விரல்களுக்கு நடுவே, வாலின் அடி, தொடைச் சந்து என்று வரிசையாகப் பாருங்கள். இரத்தம் குடித்த உண்ணி சாம்பல் நிறத்தில், அவித்த பயறு போல உப்பியிருக்கும். விரலால் நசுக்கக் கூடாது. முடி பிடுங்கும் சாவணத்தால் தோலோடு ஒட்டிய இடத்தில் பிடித்து, திருகாமல், நேராக மெல்ல இழுங்கள். எடுத்ததைச் சவர்க்காரம் கரைத்த தண்ணீர்ப் போத்தலில் போடுங்கள். கறுப்பனின் ஒரு காதில் மட்டும் முதல் நாள் 17 எடுத்தேன். பெத்தா ஒவ்வொன்றும் போத்தலில் விழும்போது எண்ணினார், பதினேழாவதில் "இவ்வளவையும் சுமந்துகொண்டா என்னைக் காவல் காத்தாய்?" என்று நாயிடம் கேட்டார்.

உண்ணி மொய்த்த நாய் சோர்ந்து, சாப்பிடாமல், முரசு வெளிறிப் போயிருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

சொறிக்கு மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஒயில் பூசுவது நம் ஊரில் இன்னும் நடக்கிறது. தோல் வெந்துபோவதோடு, நாய் அதை நக்கி உள்ளே எடுக்கும். இதை மட்டும் உறுதியாகத் தடுங்கள், ஆனால் பழக்கத்தைக் கேலி செய்யாமல். "வைத்தியர் ஒரு மருந்து தந்திருக்கிறார், இதைப் போட்டுப் பார்ப்போமா?" என்றால் போதும். நாய்க்குக் கொடுத்த உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவக் கூடாது. பெர்மெத்ரின் கலந்த மருந்து நாய்க்குச் சுகம், பூனைக்கு நஞ்சு.

குளிப்பு மாதத்துக்கு ஓரிரு முறை போதும். மாரியில் பின்னேரம் குளிப்பாட்டாதீர்கள்.

மருந்துப் பெட்டியைப் பற்றி ஒரு கண்டிப்பு

நாயின் உடல் வெப்பம் இயல்பிலேயே 38 பாகையைத் தாண்டி 39 வரை இருக்கும். தொட்டால் சுடும். அதைக் காய்ச்சல் என்று நினைத்துத் தன் கிளினிக் மருந்திலிருந்து பனடோல் கொடுத்த முதியவர்கள் உண்டு. பூனைக்கு ஒரே ஒரு பனடோல் குளிசையே உயிரை எடுக்கும். நாய்க்கும் மனித மருந்து எதுவும் வைத்தியர் சொல்லாமல் வேண்டாம். வீட்டில் மனிதர் மருந்து ஒரு பெட்டி, மிருக மருந்து வேறு நிறத்தில் வேறு பெட்டி. இரண்டும் வேறு வேறு தட்டில். பாமசியில் தந்த காகித உறையில் பெரிய எழுத்தில் நாயின் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

பூச்சிக் குளிசை வளர்ந்த நாய்க்கும் பூனைக்கும் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை. உடல் நிறையைப் பார்த்துத்தான் அளவு. நிறை பார்க்க வழியில்லை என்றால் நீங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். குளிசையை அவித்த மீன் உருண்டைக்குள் வைத்து அவர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். நம் கையால் கொடுத்தால் நாய் சந்தேகப்படும்.

மிருக வைத்தியரிடம் போகும் நாள்

பெரும்பாலான பிரதேச செயலகப் பிரிவுகளில் அரச கால்நடை வைத்திய அலுவலகம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் அந்த வைத்தியர்களின் பெரிய வேலை மாடு. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு மாட்டுப் பட்டியில் நோய் என்றால் வைத்தியர் காலையிலேயே கிளம்பிவிடுவார். ஆகவே முதல் நாள் அழைத்துக் கேட்டுவிட்டுக் காலை நேரத்திலேயே போங்கள். வாவியைத் தாண்டிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் முதியவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

ஆட்டோக்காரரிடம் நாய் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் மறித்தால் மூன்றில் இருவர் போய்விடுவார்கள். ஆசனத்தில் விரிக்க ஒரு பழைய உரப்பை, அதன் மேல் ஒரு சீலைத் துண்டு. பூனையை மடியில் வைத்துக்கொண்டு போகவே கூடாது. பஸ் ஹோர்ன் அடித்தால் பூனை பெத்தாவின் தோளில் ஏறி வெளியே பாயும். மூடி உள்ள கூடையோ, காற்றுத் துளை போட்டுக் கயிற்றால் கட்டிய பிளாஸ்டிக் பெட்டியோ போதும். அதற்குள் அவருடைய பழைய சீலைத் துண்டைப் போட்டுவிடுங்கள். அந்த மணம் இருந்தால் பூனை பாதி அடங்கும்.

நல்ல நாயும் வலியில் கடிக்கும். நீளமான ஒரு பண்டேஜ் துணியை மூக்கின் மேல் ஒருமுறை சுற்றி, தாடைக்குக் கீழே மாற்றிப்போட்டு, காதுகளுக்குப் பின்னால் கட்டுங்கள். மூச்சு இரைக்கிற நாய்க்கும் வாந்தி எடுக்கிற நாய்க்கும் இப்படிக் கட்டக் கூடாது.

விசர்நாய்த் தடுப்பூசி வருடத்துக்கு ஒருமுறை, நாய்க்கும் பூனைக்கும். சுகாதாரத் திணைக்களம் இதை இலவசமாகப் போடுகிறது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் ஊசி முகாம் எந்த நாளில், எந்த இடத்தில் என்று சொல்வார்கள். செப்டம்பர் 28 உலக விசர்நாய்க்கடி தினம் என்பதால் அதை ஒட்டிக் கேட்டுப் பாருங்கள். ஊசி போட்ட அட்டையைத் தனியாக எங்கேயும் வைக்க வேண்டாம், முதியவரின் கிளினிக் கொப்பிக்குள்ளேயே சொருகிவிடுங்கள். வீட்டில் எது தொலைந்தாலும் அந்தக் கொப்பி தொலையாது. 1901ஆம் ஆண்டிலிருந்தே நாயை உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பதிவுக்குப் போகும்போதும் இந்த அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

பெட்டை நாய் என்றால் கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள். ஏறத்தாழ 63 நாளில் ஐந்தாறு குட்டி போடும். குட்டிகளைச் சந்தையடியில் விட்டுவரும்படி உங்களிடம்தான் சொல்வார்கள். மறுத்தால் கோபிப்பார்கள், ஒத்துக்கொண்டால் உங்களுக்கே தூக்கம் வராது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு பத்து நாள் தையலைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை முறைபோட்டு வையுங்கள். அதை முதியவரின் தலையில் சுமத்த வேண்டாம்.

கடித்துவிட்டால்

ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். நமக்குப் பதினைந்து என்று தோன்றுவது உண்மையில் மூன்றுதான் இருக்கும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். விசர்நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் பிறகு காப்பாற்ற வழி கிடையாது என்று சொல்லிவிடலாம். நாயை அடிக்கவோ விரட்டவோ விடாமல் கட்டி வையுங்கள். அது உயிரோடு இருந்து கண்காணிக்கப்பட்டால்தான் வைத்தியருக்கு முடிவெடுக்க இலகு. நாய் முதியவரைக் கடித்து அவர் மயங்கினால் 1990 என்ற எண்ணில் அம்புலன்சை அழையுங்கள், கட்டணம் இல்லை.

காத்தான்குடியும் ஏறாவூரும்

முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் இந்த ஊர்களில் பெரும்பாலும் பூனைதான். அங்குள்ள மூத்தம்மாமாரின் (பாட்டிமாரின்) பூனைகளைப் போலச் செல்லமாக வளர்ந்த பூனைகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஷாபிஈ மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்ட மரபின்படி நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒன்று மண் கலந்த தண்ணீரால், கழுவ வேண்டும். அதனால் நாளின் பயண ஒழுங்கைப் பூனை வீட்டிலிருந்து தொடங்குங்கள், நாய் வீடு கடைசியாக இருக்கட்டும். ஒழுங்கு மாறிவிட்டால் உடை மாற்றிக்கொண்டு போங்கள். நாய்க்குப் பயன்படுத்திய துவாயையும் கயிற்றையும் பூனை வீட்டுக்குக் கொண்டுபோகும் பையில் வைக்காதீர்கள். முஸ்லிம் நண்பர் ஒருவர் நாய் வீட்டுக்கு வரத் தயங்கினால் அவருக்கு வாகன வேலையையோ மருந்து வாங்குவதையோ கொடுங்கள். எங்கள் குழுவில் கணக்குக் கொப்பி அப்படி வந்த ஒருவரிடம்தான் இருக்கிறது. அவரைப் போல் சதக் கணக்குப் பார்ப்பவர் இல்லை.

கணக்கு, படம், கடன்

முதியவர் தரும் பணத்துக்கு ரசீது வாங்கிக் கொப்பியில் ஒட்டுங்கள், மிச்சக் காசை அன்றைக்கே கொடுங்கள். உங்கள் கையிலிருந்து செலவழித்துவிட்டு "பரவாயில்லை" என்று விடாதீர்கள். முதல் மாதம் நன்றாக இருக்கும், மூன்றாம் மாதம் அவர் கூப்பிடக் கூச்சப்படுவார். தேங்காயோ முருங்கைக்காயோ தந்தால் வாங்குங்கள். மறுப்பது அவமானப்படுத்துவது. படம் எடுத்து முகநூலில் போடுவது வேண்டாம். தனியே இருக்கும் வயதானவர், நாயும் இப்போது நோயில் படுத்திருக்கிறது என்பதை ஊருக்கெல்லாம் அறிவிப்பதற்கும் திருடனுக்கு வழி காட்டுவதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

கோழி, ஆடு வைத்திருப்பவர்களும் அழைப்பார்கள். போங்கள். ஆட்டைப் பெயர் சொல்லி அழைக்கும் பெத்தாவுக்கு அது செல்லப்பிராணியும்தான், அவசரத்துக்குக் கைகொடுக்கும் சேமிப்பும்தான். கோழிக்குக் கழிச்சல் நோய்த் தடுப்பூசிக்குக் கால்நடை அலுவலகத்திலேயே கேட்கலாம்.

மாரி தொடங்கும் முன்

ஒக்டோபரிலேயே இதை முடித்துவிடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை எந்த இரவிலும் வாவி நீர் ஏறலாம். வெள்ளத்தில் முதியவர்கள் வீட்டை விட்டு வர மறுப்பதற்குக் காரணம் பிடிவாதம் என்று பலரும் நினைக்கிறார்கள். பல வீடுகளில் காரணம் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. இடைத்தங்கல் முகாமாகும் பாடசாலையில் நாயை விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் மேட்டு நிலத்தில் ஒரு வீட்டை முன்பே பேசி வையுங்கள். முதியவர் பாடசாலைக்கு, பிராணி அந்த வீட்டுக்கு. அந்த வீட்டு ஆட்களை முதியவருக்கு நேரில் அறிமுகப்படுத்துங்கள், நாய் அங்கே ஒரு தடவையாவது போய்ப் பழகட்டும். ஒரு நீர் புகாத பையில் தடுப்பூசி அட்டையின் பிரதி, கயிறு, மூன்று நாள் உணவு, நாயின் படம் ஒன்று. கட்டிப்போட்ட நாயை ஒருபோதும் கட்டியபடியே விட்டுவிட்டு வரக் கூடாது. வேறு வழியே இல்லை என்றால் கயிற்றை அவிழ்த்துவிட்டு வாருங்கள், நீந்தும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் வரும் காலம். தேங்கிய தண்ணீரில் நாய் புரண்டுவந்தால் கையுறையோடு கழுவுங்கள். காலில் புண் உள்ள முதியவர் அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

அவர் வைத்தியசாலையில் படுத்தால், அதற்குப் பிறகும்

இதைப் பேசுவது கஷ்டம். ஆனாலும் இரண்டாம் மூன்றாம் மாதத்துக்குள் பேசிவிடுங்கள். ஒரு தாளில் நான்கு வரி போதும்: நான் படுத்துவிட்டால் கறுப்பனை யார் பார்ப்பார், அது என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், நான் திரும்பி வராவிட்டால் யாரிடம் போகும். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள், பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டுங்கள், கையெழுத்து வாங்குங்கள். பெத்தா நாலாவது வரிக்கு வெகுநேரம் யோசித்தார். பிறகு பின்வீட்டு மீன்காரரின் பெயரைச் சொன்னார். "அவன் குடிப்பான். ஆனால் நாய்க்குச் சோறு வைக்காமல் படுக்க மாட்டான்." அப்படியே எழுதினேன். அவர் வைத்தியசாலையில் இருக்கும் நாட்களில் நாயின் ஒரு சிறு வீடியோவைத் தினமும் எடுத்துக் காட்டுங்கள். தாதிமார் தடுப்பதில்லை, சில நேரம் அவர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

பிராணி முந்திக்கொண்டு இறந்தால் வளவிலேயே, கிணற்றிலிருந்து தூரமாக, மூன்றடிக்குக் குறையாத குழியில் புதையுங்கள். எந்த இடம் என்று அவர் காட்டட்டும். விசர்நோய்ச் சந்தேகம் இருந்தால் மட்டும் தொடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழையுங்கள். மறுவாரமே ஒரு குட்டியோடு போய் நிற்காதீர்கள். வெறுங்கையோடு, வழக்கமான நாளில், வழக்கமான நேரத்துக்குப் போங்கள். சோற்றுச் சட்டி கழுவிக் கவிழ்த்தபடி விறாந்தையிலேயே இருந்தால் அதை எடுத்து உள்ளே வைக்க வேண்டாம். தேநீர் தருவார், குடித்துவிட்டு வாருங்கள்.